தலையை எண்ணிப் பாருங்க, டீச்சர்

இது கொஞ்சம் நீளமான பதிவு. காபி குடிக்கும் நேரத்தில் முடியாது, மதியம் படுத்துக்கொண்டு வாசியுங்கள். கம்ப்யூட்டர் சமாச்சாரம்தான். ஆனாலும் பழைய போட்டோ, வீடியோ வைத்திருக்கும் எந்த வீட்டிலும் இது நடக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

என்னோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். 2005 முதல் 2018இல் ஓய்வு பெறும் வரை என் வகுப்புப் பிள்ளைகள் பாடம் வாசிப்பதை ஒரு சின்ன ரெக்கார்டரில் பதிவு செய்வேன். பயிற்சிப் பள்ளியில் யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, நானாகச் செய்தது. ஒரு பிள்ளையிடம் "நீ 'ழ'வை 'ள' என்று சொல்கிறாய்" என்று நூறு முறை சொன்னாலும் அதற்குப் புரியாது. அதன் குரலை அதற்கே ஒருமுறை போட்டுக் காட்டினால் முகம் மாறும். "நானா டீச்சர் இது?" என்று கேட்கும். அடுத்த வாரம் திருந்தி வாசிக்கும். அப்படிச் சேர்ந்தவை பல ஆயிரம் குரல்கள். முதலில் சிடியில் இருந்தன. 2010இல் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்கியபிறகு எல்லாவற்றையும் அதில் ஏற்றினேன். ஆண்டு விழா வீடியோ, சுற்றுலாப் போட்டோ, எங்கள் வீட்டுக் கல்யாணம், பேரன் பிறந்தது, எல்லாம் அதில்தான்.

2014இல் டி டிரைவ் நிறைந்துவிட்டது. கடைக்காரத் தம்பி வந்தான். ஏற்கெனவே இருந்தது 500 ஜி.பி. டிஸ்க். புதிதாக 1 டி.பி. டிஸ்க் ஒன்று போட்டான். "டீச்சர், உங்களுக்கு இ டிரைவ், எஃப் டிரைவ் என்று குழப்பம் வேண்டாம். இரண்டையும் சேர்த்து ஒரே டி டிரைவாகப் பண்ணிவிடுகிறேன்" என்றான். பத்தே நிமிடம். டி டிரைவ் 1,300 ஜி.பி.க்கு மேல் காட்டியது. எனக்கு ஒரே சந்தோஷம். என்ன செய்தான் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

போன ஆடி மாதம் அந்தக் கம்ப்யூட்டரின் மதர்போர்டு போய்விட்டது. அதற்கு முன்பே சில வாரங்களாக உள்ளே "டிக், டிக்" என்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. பழைய மின்விசிறி என்று நினைத்திருந்தேன். புதிதாக ஒன்று வாங்கினோம். விண்டோஸ் 11, ஹோம் பதிப்பு. பழைய இரண்டு டிஸ்கையும் அதில் மாட்டச் சொன்னேன். மாட்டினான். திரையில் இரண்டுக்கும் நேரே "டைனமிக், இன்வேலிட்" என்று வந்தது. டி டிரைவைக் காணோம்.

கடைக்காரத் தம்பி மவுஸை வலது பக்கம் அழுத்தினான். ஒரு பட்டியல் வந்தது. அதில் "கன்வெர்ட் டு பேசிக் டிஸ்க்" என்று ஒரு வரி. "இதை அழுத்தினால் சரியாகிவிடும் டீச்சர், பழைய முறையிலிருந்து புது முறைக்கு மாறிவிடும்" என்றான். விரல் மவுஸின் மேல் இருந்தது. எனக்கு என்னவோ தோன்றியது. 34 வருடம் பிள்ளைகளோடு இருந்தவளுக்கு, நிச்சயமாகத் தெரிந்து சொல்லும் முகத்துக்கும் தெரியாமல் சொல்லும் முகத்துக்கும் வித்தியாசம் தெரியும். "இருப்பா, உள்ளே இருப்பது அழியுமா அழியாதா?" என்று கேட்டேன். "அழியலாம்..." என்று இழுத்தான். "கையை எடு" என்றேன்.

அன்றே என் பழைய மாணவன் ஒருவனை அழைத்தேன். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். பிளஸ் டூவில் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினியில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. மற்ற பையன்கள் விண்டோஸில் படம் பார்த்தபோது இவன் அந்த இன்னொன்றைக் குடைந்துகொண்டிருந்தான். இப்போது சென்னையில் ஒரு கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. விஷயத்தைச் சொன்னதும் அவன் முதலில் கேட்டது, "எதையாவது அழுத்திட்டீங்களா டீச்சர்?" இல்லை என்றேன். "கரண்டை ஆஃப் பண்ணிடுங்க. நான் சொல்ற வரைக்கும் ஆன் பண்ணாதீங்க" என்றான். அவன் அப்படிக் கட்டளையிட்டு நான் கேட்டது அதுதான் முதல்முறை.

இடையில் இன்னொரு விஷயம் நடந்தது. அதைச் சொல்லாவிட்டால் எனக்கு ஏன் அவ்வளவு பதற்றம் என்று உங்களுக்குப் புரியாது. அதே வாரம் ஊரிலிருந்து ஓர் அம்மா வந்தார். அவர் மகன் என்னிடம் நான்காம் வகுப்பு படித்தவன். போன வருடம் பைக் விபத்தில் போய்விட்டான். துக்கத்துக்கு நானும் போயிருந்தேன். வந்தவர் தண்ணீர் குடித்துவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு, "டீச்சர், புள்ளைங்க படிக்கிறத ஏதோ டேப்புல புடிப்பீங்கன்னு அவன் சொல்வான். அவனோடது இருக்குமா?" என்று கேட்டார். பெரியவன் ஆனபிறகு எடுத்த வீடியோ எல்லாம் போனிலேயே இருந்ததாம். விபத்தில் போனும் நொறுங்கிவிட்டதாம்.

இருக்கும் என்றேன். தேடித் தருகிறேன் என்றேன். டிஸ்க் செத்துக்கிடக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இரவு ஒன்பது மணிக்கு மேல் வீடியோ காலில் அவன் எனக்குப் பாடம் எடுத்தான். புரியாததை மூன்று முறை கேட்டேன். எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் முதலில் ஒரே ஒரு நீளக் கூடம்தான். அதில் மூன்று வகுப்பு நடக்கும். நடுநடுவே ஸ்டாண்டு போட்ட கரும்பலகைதான் சுவர். ஒரு வருடம் இரண்டாம் வகுப்பில் பிள்ளைகள் அதிகம் சேர்ந்தால் பலகையை நாலடி நகர்த்துவோம். பக்கத்துக் கட்டடத்தில் செங்கல் சுவர் வைத்த அறைகள் உண்டு. அங்கே நெரிசல் என்றால் நெரிசல்தான், சுவரை இடிக்க முடியாது. டிஸ்கிலும் அப்படித்தானாம். பார்ட்டிஷன் என்பது செங்கல் சுவர். ஒரே டிஸ்கில் இங்கே தொடங்கி இங்கே முடிகிறது என்ற கணக்கு, அவ்வளவுதான். வால்யூம் மேனேஜர் என்பது நகர்த்தும் கரும்பலகை. எந்த வகுப்பு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு பதிவேட்டில் எழுதி வைத்துக்கொண்டு, இடத்தைக் கூட்டும், குறைக்கும், இரண்டு கட்டடத்தையும் சேர்த்து ஒரே வகுப்பாகக் காட்டும்.

விண்டோஸில் அப்படி ஒரு முறை 2000ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்தது. லாஜிகல் டிஸ்க் மேனேஜர் என்று பெயர். வெரிடாஸ் என்ற நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கியது. அந்த முறைக்கு மாறிய டிஸ்குக்குத்தான் டைனமிக் டிஸ்க் என்று பெயர். என் டிஸ்க் மாதிரியானவற்றில் கடைசி 1 எம்.பி. இடத்தில் பதிவேடு இருக்கும். கூட்டத்தில் எத்தனை டிஸ்க் இருந்தாலும் ஒவ்வொன்றிலும் மொத்தப் பதிவேட்டின் ஒரு பிரதி உண்டு. கடைக்காரத் தம்பி 2014இல் செய்தது இதைத்தான். இரண்டு டிஸ்கையும் டைனமிக் ஆக்கி, ஒன்றின் வாலில் இன்னொன்றைக் கட்டி, ஸ்பேன்ட் வால்யூம் என்று ஒன்றை உண்டாக்கியிருக்கிறான். அன்றைக்கு இருந்த விண்டோஸுக்கு அது தெரியும். இன்றைய ஹோம் பதிப்பில் அந்த முறைக்கு இடமில்லை. அதனால்தான் "இன்வேலிட்". மைக்ரோசாஃப்டே இப்போது டைனமிக் டிஸ்கைக் கைவிடும் பட்டியலில் வைத்திருக்கிறதாம்.

"அப்ப 'கன்வெர்ட்' அழுத்தியிருந்தா?" என்று கேட்டேன்.

"பதிவேட்டைக் கிழிச்சுப் போட்டிருக்கும் டீச்சர். பிள்ளைங்க கூடத்துலதான் இருப்பாங்க, ஆனா யார் எந்த வகுப்புன்னு யாருக்கும் தெரியாது."

கன்வெர்ட் என்ற சொல்லை அவன் அன்று முழுக்க எனக்கு விளக்கினான். இரண்டு டிஸ்கில் பரவிக் கிடக்கும் ஒரு வால்யூமைச் சாதாரண பார்ட்டிஷனாக எழுதவே முடியாது. செங்கல் சுவர் ஒரு கட்டடத்துக்குள்தான் நிற்கும், தெருவைத் தாண்டி நிற்காது. ஆகவே இருக்கிற இடத்திலேயே மாற்றுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. புதிய கட்டடம் கட்டி, பிள்ளைகளை வரிசையாக அழைத்துப்போய் உட்காரவைத்து, எண்ணிப் பார்த்து, பிறகுதான் பழைய கட்டடத்தை இடிக்க வேண்டும்.

புதிய கட்டடமாக லினக்ஸின் எல்.வி.எம். முறையைத் தேர்ந்தெடுத்தான். லாஜிகல் வால்யூம் மேனேஜர் என்பதன் சுருக்கம். ஹைன்ஸ் மவுல்ஸ்ஹாகன் என்பவர் 1998இல் லினக்ஸுக்காக முதலில் எழுதியது. அதில் மூன்று படி. டிஸ்க் என்பது பிசிக்கல் வால்யூம். பல டிஸ்குகள் சேர்ந்தது வால்யூம் குரூப். அந்தக் குரூப்பிலிருந்து வேண்டிய அளவு வெட்டிக்கொள்வது லாஜிகல் வால்யூம். நிலம், பட்டா, வீடு என்று நான் நினைவு வைத்துக்கொண்டேன். இடத்தை 4 எம்.பி. துண்டுகளாக எண்ணிக் கொடுக்கும், எந்தத் துண்டு யாருக்கு என்று பதிவேடு வைத்துக்கொள்ளும்.

எட்டாயிரத்துச் சில்லறை கொடுத்து 4 டி.பி. டிஸ்க் ஒன்று வாங்கினேன். "பென்ஷன்ல இதுக்கா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். பிறகு அவரே டார்ச் பிடித்தார், நான் ஸ்க்ரூ டிரைவர் பிடித்தேன். 64 வயதில் முதல்முறையாகக் கம்ப்யூட்டரைத் திறந்து ஒயர் மாட்டினேன். கை நடுங்கியது உண்மை.

முதல் வேலை அந்த "டிக், டிக்" டிஸ்க். பென் டிரைவிலிருந்து லினக்ஸைத் துவக்கி, டிஸ்கின் உடல்நிலையைப் பார்க்கும் கட்டளை போட்டோம். 500 ஜி.பி. டிஸ்கில் படிக்க முடியாத இடங்கள் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தன. "இதிலிருந்து நேரா கோப்பு எடுக்கக் கூடாது டீச்சர். நோயாளியை நடக்க வைக்கிற மாதிரி. முதல்ல முழு டிஸ்கையும் அப்படியே நகல் எடுப்போம்" என்றான். டிடிரெஸ்க்யூ என்று ஒரு மென்பொருள். நல்ல இடங்களை முதலில் வேகமாக எடுத்துக்கொள்ளும். கெட்ட இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காமல், குறித்து வைத்துக்கொண்டு தாண்டிப் போகும். கடைசியில் திரும்பி வந்து கெட்டதை மட்டும் மெல்ல மெல்ல முயன்று பார்க்கும். பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு நாம் சொல்வதும் இதுதானே! தெரிந்த கேள்வியை முதலில் எழுது, தெரியாததைப் பிறகு பார்.

புதிய டிஸ்கில் முதலில் ஒரு பார்ட்டிஷன் போட்டு, அதைப் பிசிக்கல் வால்யூம் ஆக்கினோம். பார்ட்டிஷன் இல்லாமலும் செய்யலாமாம். ஆனால் அப்படிப்பட்ட டிஸ்கை விண்டோஸ் வெற்று டிஸ்க் என்று நினைத்து, "இனிஷியலைஸ் செய்யட்டுமா?" என்று கேட்கும். யாராவது சரி என்று அழுத்திவிட்டால் கதை முடிந்தது. பிறகு வால்யூம் குரூப். அதற்குப் பெயரைத் தமிழில் வைக்க ஆசைப்பட்டேன். முடியவில்லை, ஆங்கில எழுத்துதான் ஏற்கும். "பள்ளி" என்றே ஆங்கில எழுத்தில் வைத்தோம். அதில் நகலுக்காக 600 ஜி.பி.யில் ஒரு லாஜிகல் வால்யூம், கோப்புகளுக்காக 1,500 ஜி.பி.யில் இன்னொன்று.

நகல் எடுக்க ஓர் இரவும் மறுநாள் மத்தியானமும் ஆயின. நான் சமையலறைக்கும் கம்ப்யூட்டருக்கும் நடந்துகொண்டே இருந்தேன். கடைசியில் மொத்த டிஸ்கில் 212 கே.பி. மட்டும் எடுக்க முடியவில்லை. ஒரு போட்டோ அளவுகூட இல்லை. ஆனால் அது எந்தக் கோப்பில் விழுந்ததோ?

இங்கே அவன் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. நகலில் அந்தக் காலி இடங்களில் ஒரு குறிச்சொல்லை நிரப்பினான். கோப்புகளைத் திறக்க முடிந்ததும் அந்தச் சொல் எந்தெந்தக் கோப்புக்குள் இருக்கிறது என்று தேடச் சொன்னான். வருகைப் பதிவேட்டில் கட்டத்தைக் காலியாக விடக் கூடாது, வராதவர்களுக்கு ஆப்சென்ட் போட வேண்டும் என்று நான் புது ஆசிரியர்களுக்குச் சொல்வேன். காலியாக விட்டால் யார் வரவில்லை என்று மாதக் கடைசியில் தெரியாது. கிடைத்த விடை, இரண்டு ஆண்டு விழா வீடியோக்கள். நடுவில் சில நொடி படம் உடைகிறது. போகட்டும்.

நகல் எடுத்தபின் நோயாளி டிஸ்கைக் கழற்றி அலமாரியில் வைத்தோம். அதுவும் நகலும் ஒரே நேரத்தில் இருந்தால் ஒரே அடையாள எண்ணில் இரண்டு பேர் நிற்பது போலாகிவிடும். நகலைப் படிக்க மட்டும் முடிகிற டிஸ்காகக் காட்டினோம். பழைய 1 டி.பி. டிஸ்க் பக்கத்தில் இருந்தது. எல்.டி.எம்.டூல் என்ற சின்னக் கருவி இரண்டிலும் இருந்த விண்டோஸ் பதிவேட்டைப் படித்தது. ஒரே ஒரு வரி. டி டிரைவ் வந்துவிட்டது! 2014இல் கட்டிய முடிச்சை விண்டோஸ் அவிழ்க்கவில்லை, லினக்ஸ் அவிழ்த்தது. என் பழைய ஃபோல்டர்கள் தமிழ்ப் பெயர்களோடு வரிசையாக நின்றன. நான் அழுதேன் என்று சொல்ல மாட்டேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன்.

மாற்றி எழுத முடியாதபடி அதை மவுண்ட் செய்து, புதிய வால்யூமுக்குக் காப்பி போட்டோம். இரவு ஓட விட்டுப் படுத்தேன். காலையில் முடிந்திருந்தது. கடைசியில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. முடிந்ததற்கான வரி என்று நினைத்து ஜன்னலை மூடிவிட்டேன். அவனுக்கு போன் போட்டு, "எல்லாம் வந்துவிட்டது. பழைய 1 டி.பி. டிஸ்கை அழித்து இதோடு சேர்த்துவிடலாமா?" என்று கேட்டேன்.

"தலையை எண்ணிப் பாத்தீங்களா டீச்சர்?"

வாயடைத்துப் போனேன். அது என் வாசகம். தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்குச் சுற்றுலா போனபோது பஸ் ஏறுவதற்கு முன்னால் நான்கு முறை தலை எண்ணுவேன். அவனும் அந்த பஸ்ஸில் இருந்தவன்தான்.

எண்ணினோம். பழைய டி டிரைவில் 61,438 கோப்புகள். புதியதில் 61,401. முப்பத்தேழு பிள்ளைகள் பஸ் ஏறவில்லை.

நான் மூடிய ஜன்னலில் இருந்த அந்த ஆங்கில வரி, சில கோப்புகளை மாற்ற முடியவில்லை என்ற அறிவிப்பாம். யார் யார் என்று பட்டியல் எடுத்தோம். முப்பத்தேழும் என் குரல் பதிவுகள். முப்பத்தேழுக்கும் ஒரே ஒற்றுமை, பெயர் நீளம். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது நான் கொஞ்சம் அதிகமாகவே எழுதிவிடுவேன். பிள்ளையைப் பற்றிய குறிப்பைப் பெயரிலேயே வைத்துவிடும் பழக்கம். முதலிலிருந்த பெயரை எடுத்துவிட்டு ஒன்றை மட்டும் இங்கே தருகிறேன்: "2009 ஆகஸ்ட் நான்காம் வகுப்பு கடைசி வரிசைப் பையன் மூன்றாம் முறை வாசித்தது ழகரம் இப்போது நன்றாக வருகிறது".

அந்தப் பையன்தான்.

விஷயம் இதுதான். விண்டோஸின் கோப்பு முறையில் ஒரு பெயருக்கு 255 குறியீடு வரை இடம். தமிழும் ஆங்கிலமும் அங்கே ஒரே கணக்கு. லினக்ஸின் இஎக்ஸ்டி4 முறையிலும் 255தான், ஆனால் அது பைட் கணக்கு. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். 'கு' என்றால் ககரம் ஒன்று, உகரக் குறி ஒன்று, ஆக 6 பைட். 85 குறியீட்டைத் தாண்டினால் தமிழ்ப் பெயருக்கு அங்கே இடமில்லை. ஆங்கிலத்தில் பெயர் வைப்பவர்களுக்கு இந்தத் தொல்லை அநேகமாக வரவே வராது. அதனால் கற்றுக்கொடுக்கிறவர்களும் இதைச் சொல்வதில்லை. என் மாணவனே அன்றுதான் இதை நேரில் பார்த்தானாம்.

முப்பத்தேழுக்கும் சின்னப் பெயர் வைத்து நகலெடுத்தோம். முழுப் பெயர்களை ஒரு தனிக் கோப்பில் வரிசையாக எழுதி வைத்தேன். மறுபடி எண்ணினோம். 61,438. பிறகும் அவன் விடவில்லை. "தலை எண்ணிக்கை போதாது டீச்சர், பேர் சொல்லிக் கூப்பிடணும்" என்றான். ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்தையும் கணக்கிட்டு ஒரு நீள அடையாளம் தரும் கட்டளை ஒன்று உண்டு. உள்ளே ஒரே ஒரு எழுத்து மாறினாலும் அடையாளம் மாறிவிடும். பழையதிலும் புதியதிலும் அதை ஓட்டி ஒப்பிட்டோம். பகல் முழுக்க ஓடியது. எல்லோரும் "உள்ளேன் அம்மா" சொன்னார்கள்.

இத்தனைக்கும் பிறகு வெளியே மாட்டும் டிஸ்க் ஒன்றில் இன்னொரு பிரதி எடுத்துத் தங்கை வீட்டில் கொடுத்தேன். அதன் பிறகுதான் பழைய 1 டி.பி. டிஸ்கைத் துடைத்து, புதிய குரூப்பில் இரண்டாவது டிஸ்காகச் சேர்த்தோம். நகலுக்காக வைத்திருந்த 600 ஜி.பி. வால்யூமை நீக்கிவிட்டு, அந்த இடத்தைக் கோப்பு வால்யூமுக்குக் கொடுத்தோம். கோப்புகள் திறந்திருக்கும்போதே இடம் பெரிதானது. கரும்பலகை நகர்ந்தது, பிள்ளைகள் எழுந்திருக்கவே இல்லை.

ஒன்றை மட்டும் அவன் கண்டிப்பாகச் சொன்னான். "2014ல நடந்த தப்பு விண்டோஸோட தப்பு இல்ல. எல்.வி.எம்.லயும் இரண்டு டிஸ்கைச் சும்மா வாலில் கட்டினா அதே கதைதான். ஒண்ணு போனா வால்யூமே போச்சு." அதனால் குரல் பதிவுகளுக்கு மட்டும் தனியாக ஒரு வால்யூம் வெட்டி, இரண்டு டிஸ்கிலும் ஒரே நேரத்தில் எழுதும்படி கண்ணாடிப் பிரதியாக வைத்தோம். ஒரு டிஸ்க் போனாலும் இன்னொன்று இருக்கும். ஆனால் நான் தவறுதலாக ஒன்றை அழித்தால் இரண்டிலும் அழியும். அதற்குத்தான் தங்கை வீட்டுப் பிரதி.

என் வயதுக்காரர்களுக்கு நான் சொல்ல விரும்புவது சில விஷயங்கள்தான். யாராவது உங்கள் டிஸ்கில் எதையாவது "சேர்த்துத் தருகிறேன்" என்றால், ஒன்று கெட்டால் என்ன ஆகும் என்று கேளுங்கள். "கன்வெர்ட்" என்று திரையில் வந்தால் கையை எடுக்கச் சொல்லுங்கள். டிஸ்கில் சத்தம் வந்தால் அன்றே அணைத்துவிடுங்கள். காப்பி முடிந்தது என்று திரை சொன்னால் நம்பாமல் எண்ணிப் பாருங்கள். தமிழில் பெயர் வையுங்கள், கட்டாயம் வையுங்கள், ஆனால் சுருக்கமாக வையுங்கள்.

அந்த அம்மாவுக்குத் தகவல் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை மகளோடு வந்தார். மகளின் போனில் அனுப்பினேன், என் கம்ப்யூட்டரிலும் போட்டேன். 42 நொடி. பின்னால் மணிச் சத்தம், பக்கத்து வகுப்பு வாய்ப்பாடு சொல்லும் சத்தம். நடுவில் ஒரு சொல்லில் திக்கி, "டீச்சர், மறுபடி" என்கிறான். "ம், படி" என்று என் குரல். பதினைந்து வருடத்துக்கு முந்தைய என் குரல் எனக்கே வேறு யாரோ மாதிரி இருந்தது. பிறகு அவன் தடங்கல் இல்லாமல் கடைசி வரை வாசிக்கிறான்.

அந்த அம்மா அழவில்லை. "எவ்வளவு நல்லா படிக்கிறான்!" என்றார். நிகழ்காலத்தில் சொன்னார். நானும் "ஆமாம்மா, நல்லா படிக்கிறான்" என்றேன். இன்னொரு முறை போடச் சொன்னார். அன்று சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்காரர் யாரும் சொல்லாமலே போய் டீ போட்டுக்கொண்டு வந்தார்.

என்னிடம் படித்தவர்கள் யாராவது இதை வாசித்தால், உங்கள் குரலும் அநேகமாக இங்கே இருக்கும். எந்த வருடம், எந்த வகுப்பு என்று இன்பாக்ஸில் சொல்லுங்கள். தேடி அனுப்புகிறேன். இப்போது எண்ணி வைத்திருக்கிறேன், எல்லோரும் இருக்கிறீர்கள்.